கரையில் நின்றவர்களின் கால்வழி: யா ஜாசியின் ‘ஹோம்கோயிங்’ புதினத்தைப் புதுச்சேரியிலிருந்து வாசித்தல்

ஆய்வுச் சுருக்கம்

கானாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த யா ஜாசியின் ‘ஹோம்கோயிங்’ (2016) ஏழு தலைமுறைகளின் கதையை இரு கிளைகளாகக் கூறும் புதினமாகும். ஒரு கிளை அடிமைகளாக விற்கப்பட்டோருடையது. மற்றொன்று அவ்வணிகம் நிகழ்ந்த கரையிலேயே தங்கிவிட்டோருடையது. அடிமைமுறையைப் பேசும் பிறமொழிப் புதினங்களைத் தமிழ் வாசிப்பு பெரும்பாலும் விற்கப்பட்டோரின் பக்கம் நின்றே உள்வாங்கியுள்ளது. 18ஆம் நூற்றாண்டில் மஸ்கரேன் தீவுகளுக்கு அடிமைகளைக் கப்பலேற்றிய புதுச்சேரிக் கரையிலிருந்து இப்புதினத்தை வாசிக்கும்போது, கரையில் நின்றோரின் கிளையும் நமக்குரியதாகிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. சேக்கிழாரின் தடுத்தாட்கொண்ட புராணம், ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, பிரபஞ்சனின் வரலாற்றுப் புதினங்கள் ஆகியன ஒப்பீட்டுக்குக் கொள்ளப்படுகின்றன. புதினத்தின் ஆங்கில மூலமே இங்கு வாசிப்புக்கு அடிப்படை.

திறவுச்சொற்கள்: அடிமைமுறை, கால்வழி, குடும்பப் புதினம், அடிமை ஓலை, ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு, மஸ்கரேன் தீவுகள், புதுச்சேரி

முன்னுரை

அடிமைமுறையைப் பேசும் புதினங்கள் தமிழ் வாசகர்க்குப் புதியன அல்ல. அலெக்ஸ் ஹேலியின் ‘ரூட்ஸ்’ (1976) ‘ஏழு தலைமுறைகள்’ என்னும் பெயரில் தமிழில் பரவலாகப் படிக்கப்பட்டது. அதனைப் படித்த தமிழ் வாசகர் பெரும்பாலும் தம்மைக் குந்தா கிந்தேயின் பக்கத்தில் நிறுத்திக்கொண்டனர். சாதியொடுக்குமுறையை அறிந்த, தேயிலை, கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற முன்னோரை நினைவில் கொண்ட ஒரு சமூகம் அவ்வாறு வாசித்தது இயல்பே. அவ்வாசிப்பு தவறன்று. ஆனால் அது பாதி வாசிப்பு.

இக்கட்டுரையாளர் புதுச்சேரியின் பாகூர் கொம்யூனைச் சேர்ந்தவர். பாகூர், வில்லியனூர்ப் பகுதிகள் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், தூப்ளே ஆளுநராக இருந்த காலத்தில் (1742–1754), பிரெஞ்சுக்காரர் வசம் வந்தன. நெல் விளையும் இவ்வூர்களில் பிரெஞ்சு ஆட்சியின் நினைவு பெரும்பாலும் இனிய நினைவாகவே எஞ்சியுள்ளது. பிரெஞ்சு ஓய்வூதியம் பெறும் குடும்பத்தின் வீட்டைச் ‘சொல்தா வீடு’ என்று சுட்டுவதில் ஒரு மதிப்பு ஒலிக்கும். அதே ஆட்சியின் துறைமுகத்திலிருந்து ஆட்கள் விற்கப்பட்ட செய்தி ஊர்ப் பேச்சில் அரிதாகவே இடம்பெறுகிறது. ஓர் ஆட்சியின் ஓய்வூதியம் நினைவில் இருக்க, அதன் அடிமை வணிகம் மறக்கப்பட்டது எவ்வாறு என்னும் வினாவுடன்தான் ‘ஹோம்கோயிங்’ இங்கு வாசிக்கப்படுகிறது.

1. மேல்தளமும் நிலவறையும்: புதினத்தின் கட்டமைப்பு

புதினம் 18ஆம் நூற்றாண்டின் தங்கக் கரையில், இன்றைய கானாவில், தொடங்குகிறது. மாமே என்னும் பெண்ணுக்கு இரு மகள்கள். மூத்தவள் எஃபியா ஃபாந்தே ஊரொன்றில் வளர்கிறாள். இளையவள் எசி அசாந்தே நாட்டில் வளர்கிறாள். இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. எஃபியா கேப் கோஸ்ட் கோட்டையின் ஆங்கிலேய ஆளுநர் ஜேம்ஸ் காலின்சுக்கு மணமுடிக்கப்பட்டுக் கோட்டையின் மேல்தளத்தில் குடியேறுகிறாள். எசி பிடிபட்டு அதே கோட்டையின் நிலவறையில் அடைக்கப்பட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேற்றப்படுகிறாள்.

பதினான்கு இயல்கள்; தலைமுறைக்கு இருவர்; ஒவ்வோர் இயலும் ஒருவருக்கு உரியது. எஃபியாவின் கிளையில் க்வே, ஜேம்ஸ், அபெனா, அகுவா, யாவ், மார்ஜரி ஆகியோரும், எசியின் கிளையில் நெஸ், கோஜோ, எச், வில்லி, சன்னி, மார்க்கஸ் ஆகியோரும் வருகின்றனர். ஓர் இயல் முடிந்ததும் அம்மாந்தரைப் பற்றிய நேரடிக் கதை நின்றுவிடுகிறது. பின்னர் அவர் மகனின் அல்லது மகளின் நினைவில் ஒரு தழும்பாகவோ சொல்லாகவோ மட்டும் தோன்றுவார்.

இக்கட்டமைப்பின் சிறப்பு, இரு கிளைகளும் ஒரே அளவு இடம் பெறுவதில் உள்ளது. எசியின் கிளையை மட்டும் தொடர்ந்திருந்தால் இது ‘ரூட்ஸ்’ மரபின் மற்றொரு புதினமாகியிருக்கும். எஃபியாவின் கிளைக்கும் ஏழு இயல்கள் அளித்ததன் மூலம் ஜாசி வேறொரு வினாவை எழுப்புகிறார்: விற்கப்பட்டவரின் துயரம் தலைமுறைகளுக்குத் தொடருமாயின், விற்றவர் வீட்டில் தொடர்வது என்ன?

எஃபியா கோட்டைக்குள் நடக்கும்போது தரையிலுள்ள துளைகளின் வழியே கீழிருந்து அழுகையொலி கேட்கிறது. கீழே மனிதர்கள் இருப்பதை அவள் அறிந்துகொள்கிறாள். அறிந்த பின்னும் மேல்தளத்திலேயே வாழ்கிறாள். ஆசிரியர் அவளைக் கொடியவளாகவும் காட்டவில்லை, குற்றமற்றவளாகவும் காட்டவில்லை. கேட்டும் வாழ்ந்தாள் என்பதை மட்டும் பதிவு செய்கிறார். அவள் பேரன் ஜேம்ஸ், தன் தாய்வழிப் பாட்டனாகிய அசாந்தே மன்னனின் ஈமச் சடங்கில் அகோசுவா என்னும் பெண்ணைச் சந்திக்கிறான். அடிமை வணிகனின் கையைப் பற்ற அவள் மறுக்கிறாள். அந்த மறுப்பே அவன் வாழ்வைத் திருப்புகிறது. தன் குடும்பத்தின் செல்வத்தைத் துறக்க, இறந்துவிட்டதாகப் பிறரை நம்பவைத்துப் பெயரற்ற உழவனாக வேறோர் ஊரில் வாழ்கிறான். ஆயினும் துறவு கணக்கைத் தீர்ப்பதில்லை. அவன் நிலம் விளைவதில்லை. ஊரார் அவனை நற்பேறற்றவன் என்கின்றனர். மகள் அபெனா மணமாகாது நிற்கிறாள். பாவத்தின் தண்டனை என்று இதனை எளிமைப்படுத்துவது பொருந்தாது. ஒருவர் தனித்து விலகிக்கொள்வதால் ஒரு வணிகத்தின் விளைவு அவர் வீட்டைவிட்டு விலகுவதில்லை என்பதே இப்பகுதியின் கருத்து.

2. கப்பலுக்கு முந்தைய அடிமைகள்

புதினத்தின் தொடக்கம் வெள்ளையர் வருகையில் அமையவில்லை என்பது கருதத்தக்கது. மாமே, எஃபியாவின் தந்தை வீட்டில் அடிமையாக இருந்தவள். தீ மூட்டிவிட்டுத் தப்பியவள். எசியின் செல்வந்த வீட்டிலும் அப்ரோனோமா என்னும் அடிமைச் சிறுமி இருக்கிறாள். அச்சிறுமியின் இருப்பிடத்தை அவள் தந்தைக்கு அறிவிக்க எசி உதவுகிறாள். அதன் விளைவாக நிகழும் தாக்குதலில் எசியே பிடிபடுகிறாள். கடல் வணிகத்துக்கு முன்பே உள்ளூர் வீடுகளில் இருந்த அடிமைமுறையைப் புதினம் மறைக்கவில்லை. ஐரோப்பிய வணிகம் அதன்மேல் கட்டப்பட்டு, அதனை அளவிலும் கொடுமையிலும் வேறொன்றாக மாற்றியது என்று காட்டுகிறது.

தமிழகச் சூழலுக்கு இது நெருக்கமானது. சோழர் காலக் கல்வெட்டுகள் ஆட்களை விற்றதையும் கோயில்களுக்கு ஒப்படைத்ததையும் பதிந்துள்ளன. கி.பி. 1201ஆம் ஆண்டுத் திருப்பாம்புரக் கல்வெட்டு, பஞ்சத்தில் ஒரு வேளாளரும் அவருடைய இரு பெண்மக்களும் 110 காசுக்குத் தம்மைக் கோயிலுக்கு விற்றுக்கொண்டதைக் கூறுகிறது. நெல் விளையும் ஆற்றுப் பகுதிகளில் பண்ணையாள், படியாள் என்னும் பெயர்களில் நிலத்துடன் பிணைக்கப்பட்ட ஒடுக்கப்பட்ட சாதியினரின் நிலை 19ஆம் நூற்றாண்டு வரையிலும், அதன் பின்னரும், தொடர்ந்தது. 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தரும் 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரரும் சோழமண்டலக் கரையில் ஆட்களை வாங்கியபோது, மனிதரை விற்கலாம் என்னும் கருத்தை அவர்கள் புதிதாகக் கொண்டுவரத் தேவையிருக்கவில்லை. பஞ்சமும் போரும் விலையைக் குறைத்தன, தரகர் கிடைத்தனர், கப்பல் காத்திருந்தது.

3. ஓலையும் கால்வழியும்

தலைமுறை கடந்த அடிமைத்தனத்தைப் பற்றிய மிகப் புகழ்பெற்ற தமிழ்க் கதை இவ்வட்டாரத்திலேயே நிகழ்கிறது. சேக்கிழாரின் தடுத்தாட்கொண்ட புராணத்தில், சுந்தரரின் திருமணத்தன்று முதிய அந்தணர் வடிவில் வரும் சிவபெருமான், மணமகன் தமக்கு அடிமை என்று வழக்கிடுகிறார். சான்று, சுந்தரரின் பாட்டனார் எழுதிக்கொடுத்த ஓலை. தாமும் தம் மரபினரும் வழிவழியாக அடிமைகள் என்பதே அதன் செய்தி. சுந்தரர் ஓலையைப் பறித்துக் கிழிக்கிறார். கிழிக்கப்பட்டது படியோலை, மூல ஓலை தம்மிடம் உள்ளது என்கிறார் முதியவர். திருவெண்ணெய்நல்லூர் அவையினர் பாட்டனாரின் கைச்சாத்தை வேறோர் ஓலையுடன் ஒப்பிட்டு வழக்கை முடிக்கின்றனர்.

பக்தி மரபில் இஃது அருட்செயல். அடிமை என்பது அங்கு உயர்ந்த நிலை. அச்சமயப் பொருளை மறுப்பது இங்கு நோக்கமன்று. எனினும் அருட்செயலைக் கூறப் புலவர் தேர்ந்த வடிவம் சட்ட வடிவம் என்பதையும், 12ஆம் நூற்றாண்டுக் கேட்போர்க்கு அவ்வடிவம் விளக்கமின்றிப் புரிந்தது என்பதையும் நாம் கவனிக்கலாம். பாட்டன் எழுதிய ஓலை பேரனைக் கட்டும். படி அழிந்தாலும் மூலம் உடையவரிடம் இருக்கும். அவை கைச்சாத்தைப் பார்க்குமே அன்றி, பேரன் அதற்கு இசைந்தானா என்று கேளாது. சுந்தரர் எழுப்பும் தடையும் நோக்கத்தக்கது. அந்தணர் பிற அந்தணர்க்கு அடிமையாதல் வழக்கில் இல்லை என்பதே அவர் வாதம். அடிமைமுறை உண்டு என்பதை அவ்வாதம் மறுக்கவில்லை. அது தம் வருணத்தாரைத் தீண்டாது என்று மட்டுமே கூறுகிறது. அடிமையாகத் தக்கவர் வேறு யாரோ என்பது சொல்லப்படாமலே அவையினர்க்குத் தெரிந்துள்ளது.

திருவெண்ணெய்நல்லூர் தென்பெண்ணையாற்றின் கரையில் உள்ளது. அவ்வாற்று நீரே கீழே பங்காரு வாய்க்காலின் வழி பாகூர் ஏரியை நிரப்புகிறது. இவ்வொப்பீட்டுக்கு இட நெருக்கம் ஒரு துணையே. காரணம், ஓலை என்னும் கருத்தே. ஆவணம் உடையவரின் குரலில் பேசுகிறது. ஆவணத்தில் அடிமையின் கால்வழி, உடைமையின் கால்வழியாகவே எழுதப்படுகிறது.

‘ஹோம்கோயிங்’ புதினத்தில் எசியின் கிளையினரிடம் ஓலை இல்லை. அவர்களிடம் இருப்பவை நெஸ்ஸின் முதுகுத் தழும்புகளும், பெற்றோர் யாரென அறியாத கோஜோவின் கேள்விகளும், ஓர் எழுத்தாக மட்டுமே எஞ்சிய எச் என்னும் பெயரும். மாமே தன் இரு மகள்களுக்கும் விட்டுச்சென்ற கருங்கற்களில் எஃபியாவின் கல் ஏழு தலைமுறைகளுக்கும் கைமாறி வருகிறது. எசியின் கல் நிலவறை மண்ணில் புதைந்து தொலைகிறது. கரையில் நின்ற கிளையில் பொருள் கைமாறுகிறது. கடல் கடந்த கிளையில் உடலின் வடு மட்டுமே கைமாறுகிறது. இவ்வேறுபாடே புதினத்தின் மையப் படிமம் எனலாம்.

4. நாட்குறிப்பின் தொடுவானம்

புதுச்சேரியின் 18ஆம் நூற்றாண்டை அறிய நமக்குக் கிடைத்துள்ள பெருஞ்சான்று ஆனந்தரங்கப் பிள்ளையின் (1709–1761) நாட்குறிப்பு. 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 வரை எழுதப்பட்ட இது 1846இல் கண்டெடுக்கப்பட்டு, 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதன் 1743ஆம் ஆண்டுக் குறிப்புகளில், ஆட்களை ஏமாற்றியும் கடத்தியும் கொண்டுவந்து தீவுகளுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றிய தரகர்களைப் பற்றிய செய்தி இடம்பெறுகிறது. அங்குக் குற்றமாகப் பேசப்படுவது கடத்தல். அடிமைகளை வாங்கிக் கப்பலேற்றும் வணிகமோ அன்று சட்டத்துக்கு உட்பட்டதே. மஸ்கரேன் தீவுகளுக்கென 1723இல் வெளியிடப்பட்ட அரச ஆணை அடிமையை அசையும் சொத்தாக வரையறுத்தது. பிறக்கும் குழந்தை தாயின் நிலையையே பெறும் என்றும் விதித்தது. ஓலைக்கும் இவ்வாணைக்கும் இடையே மொழியும் சமயமும் வேறு. கால்வழியைக் கட்டும் முறை ஒன்றே.

கடத்தியவர்களின் பெயர்களும் விசாரணையும் துபாசியின் எழுதுகோலுக்கு எட்டுகின்றன. கடத்தப்பட்டவர்கள் கப்பலேறியதும் நாட்குறிப்பிலிருந்து மறைகின்றனர். அஃது எழுதியவரின் மனக்குறை அன்று, வடிவத்தின் எல்லை. நாட்குறிப்பு, கரையில் நின்று எழுதப்படுவது. அதன் பார்வை தொடுவானத்தில் முடிகிறது.

பிரபஞ்சனின் (1945–2018) ‘மானுடம் வெல்லும்’, 1995இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘வானம் வசப்படும்’ ஆகிய புதினங்கள் இந்நாட்குறிப்பை அடிப்படையாகக் கொண்டவை. அரசர்களின் வரலாற்றுப் புதினம் கோலோச்சிய தமிழில் வணிகர், தாசியர், தொழிலாளர், எளிய குடிகள் ஆகியோரை வரலாற்றின் நடுவே கொண்டுவந்தது அவருடைய பெருஞ்சாதனை. அவற்றின் விரிவு கிடைமட்டமானது. ஒரு காலத்துப் புதுச்சேரியைத் தெருத்தெருவாக, சாதிசாதியாக அவை காட்டுகின்றன. ஆளுநர்களின் ஆட்சிக்காலமே அவற்றின் கால அளவு. செங்குத்தான விரிவு, அதாவது ஒரு குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கப்பலின் பின் தொடர்தல், அவற்றின் நோக்கமன்று. மூலச்சான்றின் தொடுவானமே பெரிதும் புதினத்தின் தொடுவானமாகவும் அமைந்துள்ளது.

அத்தொடுவானத்தைக் கடந்த தமிழ் முயற்சியாகப் பிரான்சில் வாழும் நாகரத்தினம் கிருஷ்ணாவின் ‘நீலக்கடல்’ புதினத்தைக் குறிப்பிட வேண்டும். 18ஆம் நூற்றாண்டு மொரீசியசையும் அங்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழரையும் அது கதைக்களமாக்கியது. கரையும் தீவும் ஒரே கதைக்குள் வரலாம் என்பதை அது காட்டியது. இவற்றின் அருகில் வைக்கும்போது ‘ஹோம்கோயிங்’ நமக்கு அளிப்பது, இரு கிளைகளையும் இணையாக ஏழு தலைமுறைகளுக்கு நடத்திச்செல்லும் வடிவம்.

யாவ் என்னும் வரலாற்று ஆசிரியரின் வகுப்பறைக் காட்சியை இங்கு நினைவுகூரலாம். அவருடைய முகத்தழும்பு எவ்வாறு வந்தது என்று மாணவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்கின்றனர். எதை நம்புவது? ஆற்றல் உடையவரின் கதையே நம்பப்படுகிறது. ஆகவே விடுபட்டது யாருடைய கதை என்று கேட்கப் பழகுங்கள் என்பது அவர் கற்பிக்கும் பாடத்தின் சாரம். அதே யாவ், தன் தழும்புக்குக் காரணமான தாய் அகுவாவைப் பல ஆண்டுகள் சென்று காண்பதில்லை. பிறர் வரலாற்றில் விடுபட்டதைக் கேட்கத் தெரிந்தவர்க்குத் தம் வீட்டு வரலாற்றைக் கேட்பது கடினமாக இருக்கிறது. வரலாறு கற்பிப்போர் இக்காட்சியைத் தம்மீதான விமர்சனமாகவும் கொள்ளலாம்.

5. காகிதம் மறுபக்கம் பேசிய ஒரு வழக்கு

ஆவணம் உடையவரின் குரலில் மட்டுமே பேசும் என்பதற்கு ஒரு விலக்கு உண்டு. புதுச்சேரியின் ஆளுகைக்கு உட்பட்டிருந்த வங்காளத்துச் சந்தரநாகூரில் பிறந்த மதலேன் என்னும் பெண் அடிமையாகப் பிரான்சுக்கும், அங்கிருந்து இன்று ரெயூனியன் எனப்படும் புர்போன் தீவுக்கும் கொண்டுசெல்லப்பட்டார். 1786இல் அத்தீவில் பிறந்தவர் அவர் மகன் ஃபுர்சி. 1789இல் மதலேனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதப்பட்டும் பல ஆண்டுகள் அது அவருக்கு அறிவிக்கப்படவில்லை. தாயின் காகிதங்களைக் கொண்டு 1817இல் ஃபுர்சி தம் விடுதலைக்கு வழக்குத் தொடுத்தார். சிறையும் மொரீசியசுக்கு நாடுகடத்தலும் கடந்து, 1843 டிசம்பரில் பாரிசில் அவர் வென்றார். பிரான்சின் மண்ணில் கால்வைத்ததனாலேயே தாய் விடுதலை பெற்றவர். எனவே மகன் பிறப்பிலேயே அடிமையல்லர் என்பது தீர்ப்பின் அடிப்படை. முகமது ஐசாவி 2010இல் வெளியிட்ட பிரெஞ்சு நூல் இவ்வழக்கை மீண்டும் பொதுவெளிக்குக் கொணர்ந்தது.

திருவெண்ணெய்நல்லூர் வழக்கும் ஃபுர்சியின் வழக்கும் ஒன்றையொன்று தலைகீழாக்குகின்றன. அங்கு முன்னோரின் காகிதம் வழித்தோன்றலைக் கட்டுகிறது, இங்கு அவிழ்க்கிறது. இரண்டிலும் வழக்காடுவது கால்வழி. பிரெஞ்சு இந்தியாவிலிருந்து சென்ற ஒரு பெண்ணின் இரு தலைமுறைக் கதை இந்த அளவுக்குத் தெரியவருவது காகிதம் தப்பியதனால்தான். காகிதம் தப்பாத மதலேன்கள் எத்தனை பேர் என்பதே புனைவு தொடங்கவேண்டிய இடம்.

6. இருவகைப் பெயரிடல்

1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிந்தது. ரெயூனியனில் ஏறத்தாழ 60,000 பேர் விடுதலை பெற்றனர். பதிவேடுகளில் அவர்களுக்குப் புதிய குடும்பப் பெயர்கள் எழுதப்பட்டன. அவர்களின் இடத்தை நிரப்ப ஒப்பந்தக் கூலிகள் தேவைப்பட்டனர். புதுச்சேரியும் காரைக்காலும் ஆள்சேர்ப்புத் துறைமுகங்களாயின. 1853இல் ‘ஒரேலி’ என்னும் கப்பல் தமிழ்க் கூலிகளுடன் கரீபியக் கடலின் மார்த்தினிக் தீவை அடைந்தது. அடிமையும் ஒப்பந்தக் கூலியும் ஒன்றல்ல. ஆனால் தரகர், கிடங்கு, கப்பல், கரும்புத் தோட்டம் என்னும் வழி ஏற்கெனவே வகுக்கப்பட்டிருந்தது. புதினத்தில் எச் விடுதலைக்குப் பிந்தைய அமெரிக்காவில் சிறு குற்றச்சாட்டில் கைதாகி, குற்றவாளிகளைக் குத்தகைக்கு விடும் முறையில் அலபாமாவின் நிலக்கரிச் சுரங்கத்துக்கு அனுப்பப்படும் இயல் இத்தொடர்ச்சியையே கூறுகிறது.

அதே நூற்றாண்டில் கரையில் நின்றோர்க்கும் புதுப் பெயர்கள் வந்தன. 1881 செப்டம்பர் ஆணையின்படி, தம் சமயச் சாதி வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்து பதிந்துகொண்டனர். அவ்வழியினர் பலர் பிரெஞ்சுப் பேரரசின் எழுத்தர்களாகவும் ‘சொல்தா’க்களாகவும் இந்தோசீனாவுக்கும் பிற குடியேற்றங்களுக்கும் சென்றனர். தீவில் பதிவாளர் எழுதிய பெயரும் புதுச்சேரியில் தாமே தேர்ந்த பெயரும் ஒரே பேரரசின் பதிவேடுகளில் உள்ளன.

இவர்களை எஃபியாவின் கிளையென ஒரே வீச்சில் கூறிவிட முடியுமா? முடியாது. துறந்தவர்களுள் ஒடுக்கப்பட்ட சாதியினர் பலர். அவர்களுக்குப் பிரெஞ்சுப் பெயர் சாதியிலிருந்து வெளியேறும் வாயிலாக இருந்தது. மேல்தளத்துக்கு ஏறியவருள் நிலவறையிலிருந்து வந்தவரும் இருந்தனர் என்பதே புதுச்சேரியின் தனித்தன்மை. ஆங்கிலத் தந்தைக்கும் ஃபாந்தே தாய்க்கும் பிறந்து, எந்தப் பக்கமும் முழுதும் சேராத க்வேயின் இயல் இச்சிக்கலை வாசிக்க உதவும். எனினும் அவ்வியல் சாதியை விளக்காது. அது நாமே எழுதவேண்டியது.

7. ஒப்பீட்டின் எல்லைகளும் புதினத்தின் குறைகளும்

இவ்வொப்பீட்டில் இரு இடர்கள் உள்ளன. முதலாவது, தமிழரின் துயரத்தைப் பேசும் ஆர்வத்தில் மஸ்கரேன் தீவுகளின் அடிமைகளுள் மிகப் பெரும்பான்மையினர் மடகாஸ்கர், கிழக்கு ஆப்பிரிக்கப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள் என்பதை மறந்துவிடுதல். இரண்டாவது, கடல் கடந்த தமிழர் அனைவரையும் பாதிக்கப்பட்டோராக மட்டும் காணுதல். லா பூர்தொனே ஆளுநராக இருந்த காலம் தொட்டுப் போர்ட் லூயியில் புதுச்சேரிக் கைவினைஞர் விடுதலை பெற்ற குடிகளாகவும் வாழ்ந்தனர். ‘மலபார்’ என்று அழைக்கப்பட்ட அச்சுதந்திரக் குடிகளுள் சிலர் தாமும் அடிமைகளை வைத்திருந்தனர். எஃபியாவின் கிளையும் எசியின் கிளையும் ஒரே தீவில், ஒரே மொழி பேசிய மக்களிடையே இருந்துள்ளன.

புதினத்தின் குறைகளையும் சுட்ட வேண்டும். ஏழு தலைமுறைகளை ஒரு நூலில் அடக்கும் வேகத்தில் சில மாந்தர் தம் காலத்தின் சான்றுகளாகச் சுருங்குகின்றனர். அமெரிக்கக் கிளையில் இது மிகுதி. 1850இன் தப்பியோடிய அடிமைகள் சட்டம், சுரங்கக் குத்தகை, வடக்கு நோக்கிய குடிபெயர்வு, ஹெராயின் என்று பாடநூல் வரிசையில் இயல்கள் நகர்வதை உணரலாம். தீயில் தன் மக்களை இழந்து, ஊரால் பித்தி எனப்பட்ட அகுவாவின் இயல் கொண்டுள்ள ஆழம் எல்லாவற்றிலும் இல்லை. இறுதியில் இரு கிளைகளின் கடைசிப் பிள்ளைகளாகிய மார்க்கஸும் மார்ஜரியும் அமெரிக்காவில் சந்தித்து, கேப் கோஸ்ட் கடலில் ஒன்றாக நீராடும் முடிவு மிகச் சீராகப் பொருத்தப்பட்டுள்ளது. வரலாறு இத்தகைய சந்திப்புகளை எளிதில் தருவதில்லை.

ஆனால் அம்முடிவில் ஒரு நுட்பமும் உள்ளது. மார்ஜரி தன் கருங்கல்லை மார்க்கஸின் கழுத்தில் அணிவிக்கிறாள். தாம் ஒரே தாயின் வழியினர் என்பதை இருவரும் அறியார். நூலின் முன்பக்கத்தில் அச்சிடப்பட்ட குடிவழி வரைபடம் வாசகர் கையில் மட்டுமே உள்ளது. திருவெண்ணெய்நல்லூரில் மூல ஓலை உடையவரிடம் இருந்தது. ஃபுர்சிக்கு அது காலம் தாழ்ந்து கிடைத்தது. ‘ஹோம்கோயிங்’ அதனை வாசகரிடம் ஒப்படைக்கிறது.

முடிவுரை

மார்க்கஸ் ஒரு முனைவர் பட்ட மாணவர். கொள்ளுத்தாத்தா எச்சின் சுரங்க வாழ்வை ஆய்வுப் பொருளாகக் கொண்டவர். ஒன்றை எழுத முற்பட்டால் அதற்கு முந்தையது இழுக்கிறது. அதற்கும் முந்தையது தொடர்கிறது. ஆய்வேடு எங்கும் நிற்பதில்லை. ஆய்வு மாணவர் எவரும் இவ்விடத்தில் சிரித்துவிட்டுச் சற்று அமைதியாவர். அவர் தடுமாறுவது சோம்பலால் அன்று. பொருளை எங்கே வெட்டித் தொடங்கினாலும் வெட்டப்பட்ட பகுதியில் ஒருவர் காணாமற்போகிறார்.

புதுச்சேரி பற்றிய நம் ஆய்வுகளிலும் அத்தகைய வெட்டு ஒன்று உள்ளது. ஆட்சி வரலாறு ஒரு பக்கமும் புலம்பெயர் இலக்கியம் மறுபக்கமும் தனித்தனியே ஆராயப்படுகின்றன. முன்னதில் தூப்ளேயும் துபாசியும். பின்னதில் தீவுத் தமிழரின் கோயில்களும் பெயர்களும். இரண்டுக்கும் நடுவே கப்பல் நின்ற துறை விடுபடுகிறது. மொரீசியசின் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணங்கள் ஒப்பந்தக் கூலிகளின் ஊர்ப்பெயர்களைக் காக்கின்றன. அடிமைகளாகச் சென்றோர்க்கு அத்தகைய சான்று மிக அரிது. ஆகவே தீவில் மட்டும் தேடினால் போதாது. வில்லியனூர், பாகூர் முதலிய கொம்யூன்களின் நிலப்பத்திரங்கள், பதிவுகள், வழக்காறுகள் ஆகியவற்றை இவ்வினாவுடன் படிக்கும் கள ஆய்வுகள் தேவை.

களத்தில் நாம் வழக்கமாகக் கேட்கும் வினா, இவ்வீட்டிலிருந்து கடல் கடந்து போனவர் யார் என்பது. அதற்கு விடை சொல்லப் பலர் உள்ளனர், பெருமையாகவே சொல்வர். போனவர்களை அனுப்பியது யார், அவர்களுக்கு விலை பேசியது யார், அந்தப் பணம் எந்த நிலமாயிற்று என்னும் வினாக்களை நாம் கேட்டுப் பழகவில்லை. அவற்றைக் கேட்பவர் தம் வீட்டுத் திண்ணையிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். எஃபியாவின் கிளைக்கு ஏழு இயல்கள் ஒதுக்கிய ஜாசி அதைத்தான் செய்துள்ளார்.